சித்தாந்தம்: மறுப்பைக் கேட்ட பிறகு வரும் சொல்

[திரையில்: கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் தூண்கள்]

வணக்கம். கொழும்பில் சித்தாந்தம் என்ற சொல் இரண்டு இடங்களில் காதில் விழும். ஒன்று, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய இந்தக் கோயில் போன்ற இடங்களில் நடக்கும் சமயச் சொற்பொழிவு. மற்றது தேர்தல் காலச் செய்தி: "இது எமது கட்சியின் சித்தாந்தத்துக்கு முரணானது."

[திரையில்: சித்தம் + அந்தம்]

இதில் வரும் சித்தம், மனம் அல்ல. வடமொழியில் வேறு வேறான இரண்டு சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. இங்கே சித்தம் என்றால் நிறுவப்பட்டது, அந்தம், முடிவு. சரி, யாரிடம் நிறுவியது? மறுத்துப் பேசியவரிடம்தான். பழைய தருக்க முறையில் முதலில் பூர்வபக்கம், அதாவது எதிராளியின் வாதம். அதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகே சித்தாந்தம்.

[திரையில்: பரபக்கம், சுபக்கம்]

இதை நேரில் பார்க்க சைவ சித்தாந்த நூலான சிவஞானசித்தியாரைத் திறந்தால் போதும். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் தந்தது சிவஞானபோதம். அதை விரித்தெழுதிய அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார், எடுத்த எடுப்பில் தம் கொள்கையைச் சொல்லவில்லை. பரபக்கம் என்று ஒரு முழுப் பகுதியையே பிறர் தரப்புக்கு ஒதுக்கினார். கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதர் தொடங்கி, பௌத்தரில் மட்டும் நான்கு பிரிவினர், சமணர், உலகம் மாயை என்னும் மாயாவாதி என்று 14 தரப்பு. ஒவ்வொருவரின் வாதமும் முதலில், மறுப்பு அப்புறம். பிறகுதான் தம் தரப்பான சுபக்கம். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) விரிவாக வருவது அங்கே. பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் மனப்பாடம். அவற்றுக்கு எதிராக எழுந்த கேள்விகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

இனி, எழுதும்போது எதற்கு எந்தச் சொல் என்று பார்ப்போம். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டாதது நம்பிக்கை. அரசாங்கம் மாறினால் மாறக்கூடிய வரி விவகாரம், கொள்கை. ஐன்ஸ்டைனுடையது சார்புக் கோட்பாடு. பக்கத்து வீட்டுச் சிங்களவர் இதையும் 'சித்தாந்தய' என்பார். அவர் மொழியில் அது சரி. மார்க்சிய சித்தாந்தம் என்று எழுதுவதும் பொருத்தமே. எதிர்த்தரப்போடு அவ்வளவு வாதம் செய்து வளர்ந்தது அது. ஆனால் கட்சித் தலைமை நேற்று இரவு கூடி எடுத்த முடிவைச் சித்தாந்தம் என்று எழுதாதீர்கள். அதற்குத் தீர்மானம் என்ற சொல் இருக்கிறது.