வலு, தம், வைரம்

(மே நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, வாழ்த்துரையைச் சுருக்கமாக முடித்து நம் எல்லோருக்கும் வழிகாட்டிய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே (சிரிப்பு), நூலகர் அவர்களே, உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, சுவரோரமாக நின்றுகொண்டிருக்கும் சுமைதூக்குவோர் சங்கத் தோழர்களே, கடை அடைத்ததும் நேரே இங்கு வந்திருக்கும் ஜவுளிக்கடைச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் நாலைந்து நாற்காலி காலியாகக் கிடக்கிறது. வரவேண்டிய பெரியவர்கள் இனி வரப்போவதில்லை. தலைவர் அனுமதிப்பார், வந்து உட்காருங்கள்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, உடல் உறுதியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள். வலு, தம், வைரம் என்று மூன்றை எடுத்துக்கொள்கிறேன். நேரமிருந்தால் தெம்பு, திராணி, கெட்டி மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு பழமொழி: 'எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா?' இன்றைக்கு இதை அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே வலு என்றால் முதலில் கண்ணுக்கு வருவது இளவட்டக்கல், அதாவது பெண் கேட்கும் இளைஞன் தன் பலத்தைக் காட்டத் தூக்கும் கல். நெல்லை மாவட்டம் பணகுடிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் தூக்குகிறார்கள். 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை கல் இருக்கிறது. முழு உருண்டை, வழுவழுப்பு, பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது. குத்தவைத்து உட்கார்ந்து, கல்லை இரண்டு கையாலும் அணைத்து, முதலில் தொடைக்கு ஏற்ற வேண்டும். அங்கே ஒரு கணம் நிறுத்தி, பிடியை மாற்றி, காலை ஊன்றி எழுந்து நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். நெஞ்சிலிருந்து தோளுக்கு உருட்டி, முதுகுப் பக்கமாகக் கீழே விட வேண்டும். விட்டதும் ஓரடி முன்னால் நகராவிட்டால் குதிகால் போய்விடும். புதிதாகத் தூக்குகிறவர் தோற்பது முதல் கட்டத்தில்தான். முழங்காலை மடக்காமல், முதுகை வளைத்துக் கையால் இழுப்பார். இடுப்பு பிடித்துக்கொள்ளும், கல் தரையை விட்டு எழாது. இத்தனையும் சேர்த்து அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்துக்கு ஊர் கொடுக்கும் பட்டம், 'வலுவான ஆள்'.

இந்த இடத்தில் ஒரு கதை. கதைதான், ஊர் பேர் கேட்காதீர்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கல்லைத் தூக்கிவிட்டான். தோளுக்கு மேலே உருட்டிப் பின்னால் போட்டான். கூட்டம் குலவையிட்டது. மாமன் மீசையைத் தடவினார், தாய்மாமன் துண்டை உதறினார், தரகர் இரண்டு பக்கமும் கமிஷனைக் கணக்குப் போட்டுவிட்டார். திண்ணையில் இருந்த பாட்டி மட்டும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "தூக்கிட்டீரு, சரி. ஊருணிக்குப் போயி தண்ணி எடுத்துட்டு வாரும். தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. நாலு நடை" என்றாள். மாப்பிள்ளை சிரித்தான். முதல் நடை வந்தான். இரண்டாம் நடையில் இடுப்புக் குடத்தைப் பக்கம் மாற்றினான். அந்த மாற்றலிலேயே பாதித் தண்ணீர் வேட்டியில் போயிற்று. மூன்றாம் நடையில் ஆளையும் காணோம், குடத்தையும் காணோம். தேடிப் போனால் ஊருணிக்கரையில் குடத்தைக் கவிழ்த்து, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். (பலத்த சிரிப்பு) பாட்டி சொன்னாளாம்: "பொண்ணைக் கொடுத்துடலாம். வீட்டுக்குக் குழாய் போட்டுத் தரச் சொல்லுங்க." (கைதட்டல்)

ஒரு குடம் 15 லிட்டர் என்றால் இரண்டு குடத்துக்கு 30 கிலோ. நாள்தோறும் நாலு நடை சுமக்கிற பெண்ணை 'வலுவானவள்' என்கிறோமா? 'பொறுமைசாலி' என்கிறோம். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவளுக்கும் அதே பட்டம்தான். ஒரு மூச்சில் செய்து முடிப்பதற்கு வலு என்ற பேரும், பொழுதெல்லாம் தாங்குவதற்குக் குணத்தின் பேரும் வைத்திருக்கிறோம். குணத்துக்குக் கூலி கேட்க முடியாது. எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா?

அடுத்தது தம். பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல், மூச்சு என்று பொருள். கபடியில் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய்வர 30 விநாடி கொடுக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர் 'தம் கட்டி' எழுகிறார் அல்லவா, அப்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி முதுகெலும்புக்கு முட்டுக்கொடுக்கிறது. தம் கட்டுவதால் பயன் உண்டு. ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டே பத்தடி நடந்தால் இரத்த அழுத்தம் எகிறும், தலை சுற்றும். வருடக்கணக்கில் இப்படித் தூக்கினால் அடிவயிறு பலவீனமான இடத்தில் பிதுங்கும். குடலிறக்கம் என்பது அதுதான். எழும்போது கட்டி, நிமிர்ந்ததும் விட வேண்டும். முன்பு சர்க்கரை மூட்டை 100 கிலோ இருந்தது. ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்துவிட்டது.

மேடைகளில் எல்லோரும் 624ஆம் குறளைச் சொல்வார்கள்: 'மடுத்தவா யெல்லாம் பகடன்னான்'. தடை வந்த இடமெல்லாம் தம் கட்டி இழுக்கும் எருது! அதே வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் 475ஆம் குறளில் 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்கிறார். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும். வேலை வாங்குகிறவர்களுக்கு 624 மனப்பாடம். 475 அவர்கள் படித்த பள்ளியில் பாடத்திட்டத்தில் இல்லைபோலும்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருக்கிறது. சாலையோரம் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். தலைச்சுமையை அப்படியே அதன்மேல் சாய்த்து இறக்கலாம், திரும்ப ஏற்ற இன்னொரு ஆள் வேண்டாம். அதற்குத் தோதான உயரம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவள் நினைவாக அதை நட்டார்கள்.

இன்றைக்குச் சுமைதாங்கி ஜவுளிக்கடைக்குள் வேண்டும். அசையாமல் நின்றால் ஆடுசதை சுருங்காது. சுருங்கினால்தான் காலிலுள்ள இரத்தம் மேலே ஏறும். ஏறாத இரத்தம் கீழேயே தேங்கி, நாளங்களின் தடுப்புகள் தளர்ந்து, 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று நீங்கள் சொல்கிற நிலைமை வருகிறது. நின்றே வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் செய்தது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் உட்கார ஏற்ற இருக்கை எல்லாப் பணியாளருக்கும் வேண்டும் என்கிறது அது. கிடங்கில் ஒரு முக்காலி போட்டுவிட்டுக் கணக்குக் காட்டினால் ஆகாது. விற்கிற இடத்தில், கை வேலை செய்யும் மட்டத்துக்கு 25, 30 சென்டிமீட்டர் கீழே இருக்கை வர வேண்டும். மேசை 90 சென்டிமீட்டர் என்றால் இருக்கை 60 முதல் 65. கால் வைக்க ஒரு கட்டை. இல்லாவிட்டால் தொடை மரத்துப்போகும், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். 'பார்த்தீர்களா, அவர்களுக்கே நாற்காலி வேண்டாம்' என்பார் முதலாளி. எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வைரத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 'வைரம் பாய்ந்த உடம்பு' என்கிறோமே, அந்த வைரம் மரக்கட்டையில் இறுகிப்போன பகுதி. அதை உள்ளே கொண்டதை மரம் என்றும், பனைபோல வெளியே கொண்டதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. இளமரத்தில் வைரம் பாயாது, அது வருடக்கணக்கு. தெம்பு, திராணி, கெட்டி மூன்றும் அடுத்த கூட்டத்துக்கு.

வணிகர் சங்கச் செயலாளர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். வரும் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் கடைவீதியில் மாடிக்கு மாடி இருக்கை போட்டாயிற்றா என்று சங்கமே சுற்றிப் பார்க்கட்டும். போடாத கடையைப் பற்றித் தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு எழுத வேண்டிய மனு வாசலில் நூலகரிடம் இருக்கிறது. கடையின் பெயர், எத்தனை மாடி, மாடிக்கு எத்தனை பணியாளர், எத்தனை இருக்கை என்ற நான்கையும் நிரப்பினால் போதும். எழுதுகிறவர் அந்தக் கடையில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டியதில்லை, துணி எடுக்கப் போனவரே எழுதலாம். வணக்கம்.