பன்னிரண்டு விரல்களும் ஏழு போட்டிகளும்

(ஒரு கல்லூரி விளையாட்டு விழாவில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் டிராக் சூட்டோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்று நான் பேச வந்ததே உங்களிடம்தான்.

2018 ஆகஸ்ட் 29. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஏழு போட்டி சேர்ந்த பெண்கள் ஹெப்டத்லானின் கடைசி ஓட்டத்துக்கு எல்லாரும் கோட்டில் வந்து நிற்கிறார்கள். அதில் ஒரு பெண்ணின் கன்னத்தில் பட்டையாகப் பிளாஸ்திரி. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நான் விழுந்து அடிபட்டுக்கொண்டாளோ என்று பதறினேன். அடி இல்லை, பல்வலி. அந்த வலியோடுதான் இரண்டு நாளும் ஓடி, தாண்டி, எறிந்திருக்கிறாள்.

ஸ்வப்னா பர்மன். மேற்கு வங்கத்தில் ஜல்பைகுரிப் பக்கத்துக் கிராமம். அப்பா ரிக்‌ஷா இழுத்தவர், அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஸ்வப்னாவுக்கு இரண்டு காலிலும் ஆறாறு விரல்.

ஹெப்டத்லான் என்றால் ஏழு போட்டி என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அந்த ஏழும் என்ன வரிசையில் வருகிறது என்று பாருங்கள். முதல் நாள் 100 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர். தூங்கி எழுந்தால் நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், அதற்குமேல் 800 மீட்டர். குண்டு எறிய உடம்பில் கனம் வேண்டும். உயரம் தாண்ட அதே கனம் எதிரி. ஒன்றுக்காக உடம்பை வளர்த்தால் இன்னொன்று கெடும். இந்த இழுபறியை வருஷக்கணக்கில் ஒரே உடம்புக்குள் வைத்துச் சமாளிக்கிறவள்தான் ஹெப்டத்லான் வீராங்கனை. வேகமாக ஓடுகிறவள் யார் என்று நூறு மீட்டரில் தெரிந்துவிடும். முழு வீராங்கனை யார் என்று தெரிய இரண்டு நாள் ஆகும். தடகளத்தில் இதைவிடப் பெரிய போட்டி கிடையாது என்பது என் முடிந்த முடிவு.

இதில் யார் முந்தினார்கள் என்பதற்கு மதிப்பில்லை. ஓடின நேரத்துக்கும் எறிந்த தூரத்துக்கும் புள்ளி, அவ்வளவுதான். ஸ்வப்னாவின் கணக்கைச் சொல்கிறேன். தடை ஓட்டம் 13.98 விநாடி, 981 புள்ளி. உயரம் 1.82 மீட்டர், 1003 புள்ளி. குண்டு 12.69 மீட்டருக்கு 707தான் கிடைத்தது. 200 மீட்டர் 26.08 விநாடி, 790. முதல் நாள் முடிவில் கையில் 3481. மறுநாள் நீளம் தாண்டுதலில் 6.05 மீட்டர், 865. அப்புறம் ஈட்டி. 50.63 மீட்டர்! அந்த எறிக்கு 872 புள்ளி. சீனாவின் வாங் சிங்லிங்கைவிட 64 புள்ளி முன்னால் நின்றாள்.

800 மீட்டரில் அந்த 64 என்பது ஏறக்குறைய நாலே முக்கால் விநாடி. வாங் அதைவிடக் கூடுதலாக முந்திவிட்டால் தங்கம் போய்விடும். ஸ்வப்னா 2 நிமிடம் 21.13 விநாடியில் ஓடி முடித்தாள். மொத்தம் 6026. வாங்குக்கு 5954. ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

இப்போது காலுக்கு வருகிறேன். ஏழு போட்டிக்கும் ஒரே ஷூ சரிப்படாது. ஸ்பிரிண்டுக்குப் பாதத்தைக் கவ்விப் பிடிக்கிற, முன்பக்கம் அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ். உயரம் தாண்டுவதற்குக் குதிகாலிலும் ஆணி இருக்கும். ஈட்டிக்கு இன்னும் உறுதியானது. ஏனென்றால் எறிகிற நொடியில் முன்கால் தரையில் பிரேக் போட்டது மாதிரி ஊன்றவேண்டும், ஓடிவந்த வேகம் முழுக்க அந்தக் காலில்தான் வந்து இறங்கும். எல்லா ஷூவும் ஐந்து விரலுக்குச் செய்தது. அதற்குள் ஆறு விரலை நெருக்கித் திணித்துக்கொண்டு ஒவ்வொரு தடவை ஊன்றும்போதும் என்ன வலி இருந்திருக்கும்! தங்கம் வாங்கின கையோடு அந்தப் பெண் ஊரறியக் கேட்டது தன் காலுக்குப் பொருந்துகிற ஷூ. மறு வருஷம் அடிடாஸ் நிறுவனம் அளவெடுத்துச் செய்துகொடுத்தது. கேட்டது கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்குகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்ததே என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஸ்வப்னாவுக்கு முன்னாலும் நம் நாட்டில் இந்தப் போட்டியில் பெண்கள் இருந்தார்கள். ஆசிய விளையாட்டில், 2002 பூசானிலும் 2006 தோஹாவிலும் சோமா பிஸ்வாஸ் வெள்ளி, ஜே.ஜே.ஷோபா வெண்கலம். 2010 குவாங்சோவில் பிரமிளா அய்யப்பா வெண்கலம். ஷோபாவை நீங்கள் மறக்கவே கூடாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறியும்போது கணுக்கால் போய்விட்டது. இன்னும் 800 மீட்டர் பாக்கி. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஓடி முடித்தாள். 6172 புள்ளி, பதினோராவது இடம். ஏதென்ஸ் பதக்கப் பட்டியலில் தேடினால் அந்தப் பெயர் இருக்காது.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். வெண்கலம் நந்தினி அகசாராவுக்கு, 5712 புள்ளி. நாலாவது இடம் ஸ்வப்னாவுக்கு, 5708. இரண்டு நாள், ஏழு போட்டி, வித்தியாசம் நாலு புள்ளி. ஈட்டியில் அது ஒரு சாண் தூரம். 800 மீட்டரில் கால் விநாடிக்குச் சற்றுக் கூட. இரண்டு பேரும் நம் பிள்ளைகள். அன்றைக்கு யாருக்காகச் சந்தோஷப்படுவது, யாருக்காக வருத்தப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நன்றாக உயரம் தாண்டுகிற பெண் ஒருத்தி. ஐந்தாம் நம்பர் கால். அக்காமார் விட்டுப்போன ஏழாம் நம்பர் ஸ்பைக்ஸின் முனையில் பேப்பரைச் சுருட்டி வைத்துப் போட்டுக்கொள்வாள். மாவட்டப் போட்டியன்று காலையில் மழை, தரையெல்லாம் ஈரம். மூன்றாவது தடவையும் குச்சி விழுந்தது. என்னிடம் வந்து, "டீச்சர், பேப்பர் நனைஞ்சு கொழகொழன்னு ஆயிடுச்சு" என்றாள். அழவில்லை. ஷூவைக் கழற்றி, ஊறிப்போன அந்தக் காகிதக் கூழை வழித்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் பெயரையும் வயதையும் பதிவுச் சீட்டில் சரிபார்த்து எழுதினவள் நான்தான். கால் என்ன அளவு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பிள்ளைகளே, மேடைக்குக் கீழே அந்த மேஜையில் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறேன். பரிசளிப்பு முடிந்ததும் வெறுங்காலோடு வந்து ஒவ்வொருவராகத் தாள்மேல் நில்லுங்கள், நானே வரைந்துகொள்கிறேன். இரண்டு காலையும் வரையவேண்டும், அகலத்தையும் குறிக்கவேண்டும். கல்லூரி முதல்வர் புது ஸ்பைக்ஸுக்கு ஆர்டர் போடப்போவதாகச் சொன்னார். அந்தத் தாள்களைப் பார்த்த பிறகு போடட்டும்.