டார்பி 1709-லேயே கோக் போட்டு உருக்கிட்டார்னா, ஐரோப்பா ஏன் 80 வருஷம் காத்திருந்துச்சு?

அடுத்த கேள்விக்கு வருவோம். "இங்கிலாந்துல கோல்புரூக்டேல்ல ஏப்ரகாம் டார்பி 1709-லேயே கோக் (வேக வச்ச நிலக்கரி) போட்டு இரும்பு உருக்கிட்டார்னு போன வீடியோவுல சொன்னீங்க. ஆனா பிரான்ஸ்ல அது 1785, பிரஷ்யாவுல (அந்தக் கால ஜெர்மன் அரசு) 1796. அவ்வளவு காலமும் இங்கிலாந்து அதை ரகசியமா வச்சிருந்துச்சா? இதெல்லாம் நேர்ல பார்க்க எங்க போகணும்?"

ரகசியத்தால வந்த தாமதம் இல்லைங்க இது. இங்கிலாந்துக்குள்ளேயே மத்த உலைக்காரங்க பெரும்பாலும் இன்னொரு 40, 50 வருஷம் மரக்கரியைத்தான் போட்டுட்டு இருந்தாங்க. கோக்ல உருக்குற இரும்பு அவங்க தொழிலுக்கு உதவலை. ஏன் உதவலைங்கறதுதான் விஷயமே.

முதல்ல கந்தகம். நிலக்கரியை அப்படியே ஊதுலையில, அதாவது காத்து ஊதி தாதுவை உருக்கற உலையில, கொட்டினா, அதுல இருக்கற கந்தகம் இரும்புக்குள்ள போயிடும். பார்வைக்கு ஒண்ணும் தெரியாது. கொல்லர் அதைக் காய்ச்சி சம்மட்டியால அடிக்கும்போதுதான் தெரியும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கலவை கிட்டத்தட்ட 990 டிகிரியிலேயே உருகிடும். அது இரும்போட குட்டிப் படிக மணிகளுக்கு நடுவுல மெல்லிசாப் படிஞ்சிருக்கும். அடிக்கற சூடு அதுக்கு மேல. அதனால செக்கச்செவேல்னு இருக்கற கம்பி ஒரே அடியில விரிசல் விட்டு உதிர்ந்துடும். மரக்கரியில கந்தகம் கிட்டத்தட்ட கிடையாதுங்கறதால இந்தத் தொல்லை இல்ல.

கோக் செய்யறதுன்னா நிலக்கரியைக் காத்து படாம வேக வைக்கிறதுதான். அந்தக் காலத்துல மரக்கரி சுடற மாதிரியே குவியலா அடுக்கி, மேல மண்ணும் கரித்தூளும் மூடி, அங்கங்க ஓட்டை விட்டு, சில நாள் கனிய விடுவாங்க. தாரும் வாயுவும் வெளியேறும், கந்தகமும் ஒரு பகுதி போகும். கவனிங்க, ஒரு பகுதிதான். அதனால எந்த நிலக்கரியில ஆரம்பிக்கறோம்ங்கறதும் முக்கியம். டார்பிக்கு கோல்புரூக்டேல் இருக்கற ஷ்ராப்ஷயர் மாவட்டத்துல கிடைச்ச நிலக்கரி இயல்பாவே கந்தகம் கம்மியானது. வேற ஊர்ல அதே முறையை அப்படியே செஞ்சா அதே இரும்பு வராது.

இரண்டாவது சிலிக்கான், பலர் கவனிக்காம விடறது. கோக் உலை இரும்புல சிலிக்கான் ஜாஸ்தி. டார்பிக்கு அது வரப்பிரசாதம். அவர் செஞ்சது பானை, கெண்டி மாதிரி வார்ப்புச் சாமான். 1707-லேயே மணல் அச்சுல இரும்புப் பானை வார்க்கற முறைக்கு காப்புரிமை வாங்கினவர். சிலிக்கான் இருந்தா இரும்பு அச்சுல நல்லா ஓடும், மெல்லிசான சுவரும் விரிசல் இல்லாம வரும். ஆனா அன்னைக்குப் பெரிய சந்தை தேனிரும்புக்கு, அதாவது கொல்லர் காய்ச்சி அடிக்கற இரும்புக்கு: ஆணி, லாடம், கலப்பைக் கொழு, சங்கிலி. அதுக்கு வார்ப்பிரும்பை மறுபடி உலையில வச்சு கரிமத்தை எரிச்சு எடுக்கணும். சிலிக்கான் நிறைய இருந்தா அந்த வேலை நீளும், கரி கூடுதலா ஆகும், இரும்பும் வீணாகும். பட்டறைக்காரங்க கணக்குப் பார்த்து வேண்டாம்னுட்டாங்க. அது முட்டாள்தனம் இல்ல, சரியான கணக்கு.

இதை உடைச்சது 1784-ல ஹென்றி கார்ட் காப்புரிமை வாங்கின பட்லிங் முறை. நிலக்கரி ஒரு அறையில எரியும், இரும்பு பக்கத்து அறையில இருக்கும். நடுவுல ஒரு தாழ்ந்த சுவர். தீக்கொழுந்து மட்டும் வளைவான கூரையை ஒட்டி வந்து இரும்பைச் சுடும். கரி இரும்பைத் தொடறதே இல்ல. ஒரு ஆள் நீளக் கம்பியால கலக்கிக்கிட்டே இருக்கணும். வார்ப்பிரும்பு 1,150 டிகிரி பக்கமா உருகும், சுத்த இரும்புக்கு 1,538 வேணும். அதனால கரிமம் போகப் போக, உலை சூடு குறையாமலேயே இரும்பு தண்ணி மாதிரி இருந்தது களி மாதிரி இறுகும். அதை உருண்டையாச் சேர்த்து வெளிய இழுப்பாங்க. அந்த வெக்கையில நின்னு கலக்கினவங்க உடம்பு என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஒரு கையளவு இரும்புக்கும் ஒருத்தரோட தோள் உழைச்சிருக்கு.

மூணாவது தண்ணி. உலைக்குக் காத்து ஊதற துருத்தியை ஓட்டினது நீர்ச்சக்கரம். கோடையில ஓடை வத்தினா ஊது நிக்கும், ஊது நின்னா உலை அணையும், அடியில இரும்பு உறைஞ்சு பாறையாயிடும். கோல்புரூக்டேல்ல 1740-கள்ல ஒரு நீராவி இயந்திரம் வச்சாங்க. ஆனா அது துருத்தியை ஓட்டலை! சக்கரத்தைத் தாண்டிப் போன தண்ணியை மறுபடி மேல் குளத்துக்கு இறைச்சுக் கொடுத்துச்சு.

இப்போ ரகசியம். கைத்தேர்ச்சியுள்ள ஆட்கள் வெளிநாடு போகக்கூடாதுன்னு பிரிட்டன்ல 1824 வரைக்கும் சட்டம் இருந்தது உண்மைதான். ஆனா பிரான்ஸ்ல லே க்ரூஸோ உலையை அமைச்சதுல பெரும்பங்கு வில்லியம் வில்கின்சன்ங்கற இங்கிலாந்துக்காரருக்கு. பிரஷ்யாவோட க்ளைவிட்ஸ்ல, அதாவது இன்னைக்குப் போலந்துல இருக்கற க்ளிவீட்ஸேயில, ஸ்காட்லாந்துக்காரர் ஜான் பெயில்டன். ஆள் போயாச்சு, அறிவும் போயாச்சு. ஆனா உள்ளூர்க் கரியும் தாதுவும் ஒத்துழைக்கணுமே.

அதுக்கு நல்ல உதாரணம் பிரான்ஸோட வடகிழக்குல இருக்கற லொரெய்ன் தாது. மலை மலையா இருந்தும் அதுல பாஸ்பரஸ் அதிகம். கந்தகம் இரும்பைச் சூட்டுல உடைக்கும், பாஸ்பரஸ் குளிர்ல உடைக்கும். உருகின வார்ப்பிரும்புக்குள்ள காத்தை ஊதி எஃகாக்கற பெஸ்ஸமர் கலன்ல பாஸ்பரஸ் போகாது, ஏன்னா உள்பூச்சு அமில வகை. 1878 வாக்குல சிட்னி கில்கிரிஸ்ட் தாமஸ், நீதிமன்ற எழுத்தரா இருந்தவர், தன் உறவினர் பெர்சி கில்கிரிஸ்ட்டோட சேர்ந்து வேல்ஸோட பிளேனவான்ல சோதிச்சுப் பார்த்து, டோலமைட்ங்கற கல்லால உள்பூச்சு பூசி சுண்ணாம்பு சேர்த்தா பாஸ்பரஸ் கசடோட போயிடும்னு காட்டினார். அந்தக் கசடைப் பொடிச்சு வயலுக்கு உரமாவும் போட்டாங்க. லொரெய்ன், லக்ஸம்பர்க், சார் பகுதியெல்லாம் எஃகு நாடானது அதுக்குப் பிறகுதான்.

நம்ம பக்கமும் இதே எரிபொருள் கதை ஒண்ணு உண்டு. 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில ஹீத்ங்கற இங்கிலாந்துக்காரர் தொடங்கின இரும்பாலைக்கு சேலம் பக்கத்துத் தாது அருமையானது. ஆனா எரிச்சது மரக்கரி. சுத்துவட்டாரக் காடு ஈடு கொடுக்கலை.

சரி, எங்க போகலாம்? கோல்புரூக்டேல்ல பழைய உலையையே கண்ணாடிக் கூரைக்குள்ள காப்பாத்தி வச்சிருக்காங்க. அதோட இரும்பு உத்திரத்துல 1777-ங்கற வருஷத்தையும் டார்பி பேரையும் படிக்கலாம், அது பேரனுடையது. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல 1779-ல எழுப்பின இரும்புப் பாலம், 30 மீட்டர் அகலம் தாண்டுது, 378 டன். மேல நடந்துட்டுத் திரும்பிடாதீங்க. கீழ இறங்கி மூட்டுகளைப் பாருங்க. துளையும் நாக்கும், புறாவால் பொருத்தும், ஆப்பும், எல்லாம் தச்சர் மரத்துல போடற மூட்டு. இரும்புப் பாலத்துக்குன்னு தனி மூட்டு முறை அப்போ உருவாகலை.

ஜெர்மனியில ஃபோல்க்லிங்கன் இரும்பாலை, 1986-ல மூடினது, 1994-ல உலகப் பாரம்பரியச் சின்னம். ஆறு ஊதுலையும் வரிசையா நிக்குது. தாது கொட்டற மேடை 27 மீட்டர் உயரத்துல, ஏறிப் போக விடறாங்க. உலைப் புகைவாயுவையே எரிச்சு ஊது அடிச்ச இயந்திரங்கள் இருக்கற கூடத்தை விட்டுடாதீங்க. போர்க்காலத்துல அங்க ஆயிரக்கணக்கான பேரைக் கட்டாய வேலைக்கு வச்சிருந்தாங்க. அவங்க நினைவிடமும் உள்ளேயே இருக்கு, அங்கேயும் கொஞ்ச நேரம் நில்லுங்க.

கோக்கே வேண்டாம்னு இருந்த இடமும் பார்க்கணும்னா ஸ்வீடன்ல எங்கல்ஸ்பெர்க் இரும்பாலை. தாது சுத்தமானது, காடு பெருசு. அதனால 1919-ல நிறுத்தற வரைக்கும் அங்க மரக்கரிதான்.