குதிரை மலைமேல், படகு மலைக்குள்: ஸ்டோக் புரூர்ன்

வணக்கம் நண்பர்களே! இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் ஸ்டோக் புரூர்ன் என்கிற கால்வாய்க் கிராமத்துக்கு வந்திருக்கிறேன். தெற்கிலிருந்து வரும் படகுகள் ஏழு லாக்குகளில் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள்) படிப்படியாக ஏறி இங்கே மேலே வருகின்றன. அதோ கூரை வேய்ந்த கட்டடம், போட் இன் என்கிற பப். 1877-இல் அதை எடுத்த குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்த இடம். எதிர்க்கரையில் இருக்கிற பழைய தானிய ஆலைதான் 1963-இல் திறந்த கால்வாய் அருங்காட்சியகம்.

சரி, கரையோரமாக நடப்போம்.

லண்டனையும் மத்திய இங்கிலாந்தையும் இணைக்கிற இந்தக் கால்வாயை 1793-இல் வெட்டத் தொடங்கினார்கள். மற்றதெல்லாம் முடிந்தும் இந்த ஒரு மலை மட்டும் விடவில்லை. முதலில் குடைந்த சுரங்கம் தண்ணீர் புகுந்து பாழானது. புதுச் சுரங்கம் முடியும் வரை மலைக்கு மேலே தண்டவாளம் போட்டு, குதிரை வண்டியில் சரக்கை ஏற்றி இறக்கினார்கள். ஒரு பக்கம் படகிலிருந்து இறக்கி, மறுபக்கம் இன்னொரு படகில் ஏற்ற வேண்டும். எத்தனை கைகள் ஓய்ந்திருக்கும்!

1805-இல் பிளிஸ்வொர்த் சுரங்கம் திறந்தது. இதோ, அதன் வாய். சுமார் 2,800 மீட்டர் நீளம். உள்ளே குதிரை நடக்க வழி கிடையாது. அதனால் குதிரையை மலைமேல் ஓட்டிப் போனார்கள். படகு? முன்பகுதியில் குறுக்கே பலகை போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் மல்லாந்து படுத்து, சுவரில் பாதத்தை ஊன்றி நடந்தே படகை நகர்த்தினார்கள். லெக்கிங் என்று பெயர். கும்மிருட்டில், மேலிருந்து நீர் சொட்டச் சொட்ட, மணிக்கணக்காக. அப்புறம் நீராவிப் படகு வந்தது. 1861-இல் உள்ளே புகை சூழ்ந்து உயிர்கள் போயின. மலைமேல் குதிரை போன பாதையில் நடந்தால், காற்றுக்காகக் கட்டிய செங்கல் கோபுரங்களை இப்போதும் பார்க்கலாம். இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த நடை அதுதான்.

இங்கே வைத்திருக்கும் இந்தப் பெரிய கான்கிரீட் வளையத்தைப் பாருங்கள். 1980-களில் சுரங்கத்தின் நடுப்பகுதியைத் திரும்பக் கட்டியபோது உள்ளே பதித்தது இதே மாதிரி வளையங்களைத்தான்.

ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. சிஸ்டர் மேரி வார்ட். படகுக் குடும்பங்களுக்கு ஓரிடத்தில் தங்கி வைத்தியம் பார்க்க நேரம் கிடையாது. இந்தக் கால்வாய்க்கரை வீட்டில் அவர்தான் காயத்துக்குக் கட்டுப் போட்டார், நோயாளிகளைக் கவனித்தார். 1951-இல் அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

எங்கள் படகு வந்துவிட்டது. உள்ளே நீர் சொட்டும், கேமராவை மூடி வைக்கிறேன். சத்தத்தை மட்டும் கேளுங்கள்.