குதிரை வேலியை அறுத்துக்கொண்டு ஓடினால்: கம்பியில் ஒட்டிய முடியைப் பாருங்கள்

(காட்சி: கையில் ஒரு சாண் நீள முள்கம்பித் துண்டு. பின்னால் தோட்டத்து வேலி.)

வணக்கம். அழகர்கோவில் ரோட்டில், அப்பன்திருப்பதி பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு தோட்டம். அதில் இரண்டு குதிரைகள். இந்தக் கம்பித் துண்டைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். முள்ளில் சுற்றியிருக்கும் இந்தச் செம்பட்டை முடி எங்கள் பெண்குதிரையுடையது. இந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

வேலி அறுந்தால் எல்லாரும் என்ன செய்வோம்? கட்டுக்கம்பியை எடுத்து நாலு முறுக்கு முறுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவோம். நானும் மூன்று தடவை அப்படித்தான் முறுக்கினேன். மூன்று தடவையும் குதிரை வெளியே போனது. ஏன் போகிறது என்று பார்த்த பிறகுதான் நின்றது.

அதைச் சொல்வதற்கு முன்னால், குதிரை இப்போது வெளியே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதைப் பிடிக்க வேண்டும்.

(காட்சி: வாழைத்தோட்டம், இரவு.)

சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் மலையை விட்டு மதுரைக்குப் புறப்பட்ட இரவு. எங்கள் ரோடு வழியாகத்தான் வருவார். ரோடு முழுக்கச் சனம், அதிர்வேட்டு. நடுராத்திரி பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் போன் பண்ணினார். "ஏப்பா, ஒங்க குதிரை நம்ம வாழைக்குள்ள நிக்கிது. ஆள் சேத்துக்கிட்டு ஓடியாந்துறாத, ஒத்தையா மெதுவா வா" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. நாலு பேர் கையை விரித்துக்கொண்டு சுற்றி வளைத்தால், மிரண்ட குதிரை சந்து கிடைக்கும் பக்கம் பாயும். அந்தப் பக்கம் ரோடு இருந்தால் அவ்வளவுதான். குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால், ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. அதனால் நேராகவும் போகாதீர்கள், பின்னாலும் போகாதீர்கள். தோள்பட்டையைப் பார்த்துச் சாய்வாக நடங்கள். தலையைத் தூக்கினால் நில்லுங்கள். தலையை இறக்கினால் இரண்டு எட்டு வையுங்கள். பேசிக்கொண்டே போங்கள்.

கையில் ஒரு தகர வாளி, அதில் நாலு கைப்பிடி காய்ந்த கொள்ளு. வாளியை ஆட்டினால் வரும் சலசலப்பு குதிரைக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அதற்கும் வரவில்லை என்றால், அடுத்த குதிரையை முகக்கயிறு போட்டு நடத்திக்கொண்டு வந்து கண்ணில் படுகிற தூரத்தில் நிறுத்துங்கள். துணையைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது மட்டும் கூடாது. குதிரை ஒரு இழுப்பு இழுத்தால் விரல் போய்விடும்.

பிடித்ததும் டார்ச் அடித்து நாலு காலையும் பாருங்கள். பெரிய கிழிசலைவிட, மூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குத்துதான் எனக்குப் பயம். அதிலிருந்து பிசுபிசுவென்று மஞ்சளாக நீர் கசிந்தால், மூட்டுக்குள் முள் இறங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962-க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். இன்னொன்று, ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். கால்நடைகளிலேயே குதிரைக்குத்தான் அது சுலபமாகத் தாக்கும். கம்பி கிழித்தால் காயம் சின்னதோ பெரியதோ, ஊசி போட்டே ஆக வேண்டும்.

(காட்சி: பகல். அறுந்த இடம், தரையில் குளம்புத் தடம்.)

சரி, குதிரை வீடு வந்துவிட்டது. இப்போது கட்டுக்கம்பியை எடுக்காமல், அறுந்த இடத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள்.

முடி எந்தக் கம்பியில் இருக்கிறது? நடுக்கம்பியில் இருந்து, கம்பி வெளிப்பக்கம் தொங்கினால், நெஞ்சை வைத்துத் தள்ளியிருக்கிறது. வெளியே இருக்கும் புல்லுக்குக் கழுத்தை நீட்டி நீட்டித் தூணையும் சாய்த்திருக்கும். மேல்கம்பியில் வயிற்று முடியோ பின்னங்கால் முடியோ இருந்தால், தாண்டப் பார்த்திருக்கிறது. தரையில் வேலி ஓரமாகவே போய்வந்து போய்வந்து ஒரு தடம் விழுந்திருந்தால், அது துணை தேடுகிற குதிரை. தடமே இல்லாமல், மண்ணைப் பெயர்த்த ஆழமான சறுக்கல் ஒன்று மட்டும் இருந்தால், எதையோ கண்டு மிரண்டு பாய்ந்திருக்கிறது. சித்திரை இரவில் அறுந்த இடத்தில் அந்தச் சறுக்கல்தான் இருந்தது. அதற்கு முன் மூன்று தடவையும் நடுக்கம்பி முடி.

அந்த நடுக்கம்பி முடிக்குக் காரணம் பசி. இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது. காலையில் ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு என்று மாட்டுக்குப் போடுவது போலத்தான் தீவனம் போட்டுக்கொண்டிருந்தேன். மாடு தின்றதை இரவெல்லாம் படுத்து அசை போடும். குதிரைக்கு அசை போடும் வயிறு கிடையாது. இருப்பதும் உடம்புக்குச் சின்ன வயிறு. மேய விட்டால் ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் கொறித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் போட்ட கட்டு எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டால், விடியும்வரை அது என்ன செய்யும்? ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலை பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையிலும் பரிகள் திரும்ப நரிகளாகி லாயத்தை விட்டு ஓடியது ராத்திரியில்தான்.

இப்போது படுக்கப் போகும் முன் சோளத்தட்டையைச் சின்னக் கண் வலையில் திணித்துத் தொங்கவிடுகிறேன். இழுத்து இழுத்துத் தின்ன விடியும்வரை வரும். தொட்டியில் தண்ணீரும் நிறைந்திருக்க வேண்டும். ஒரு குதிரை நாளுக்கு 30, 40 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். இதைச் செய்த பிறகு நடுக்கம்பி அறுந்ததே இல்லை.

ஒற்றைக் குதிரை வளர்ப்பவர்கள் ஒரு வெள்ளாட்டையாவது துணைக்குக் கட்டுங்கள். ஆண்குதிரை வைத்திருந்தால் அக்கம்பக்கத்துப் பெண்குதிரையையும் கணக்கில் வையுங்கள். அதற்குச் சினைப்பருவம் சுமார் 21 நாளுக்கு ஒரு தடவை சுற்றி வரும்.

(காட்சி: பழைய முள்கம்பியும் புது வேலியும் அடுத்தடுத்து.)

காரணத்தைச் சரிசெய்தாலும் வேட்டுச் சத்தத்தை நிறுத்த முடியாது. அதனால் வேலியையும் மாற்றத்தான் வேண்டும். முள்கம்பி மாட்டுக்கு ஆகும். மாடு முள் பட்டால் பின்வாங்கும். குதிரை காலைக் கொடுத்துவிட்டால் பதறி இழுக்கும், இழுக்க இழுக்கச் சதை கிழியும். குதிரை நிற்கும் இடத்தில் முள்கம்பி வேண்டாம், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

கல்தூண்களை அப்படியே வைத்துக்கொண்டு, மேல் வரிசையில் சவுக்குக் கம்பும் அதற்குக் கீழே முள் இல்லாத கம்பியும் கட்டினேன். உயரம் நாலரை அடி. சவுக்கு இல்லாத பக்கத்தில் கம்பியில் வெள்ளைச் சாக்கைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன், மெல்லிய கம்பி குதிரைக்குச் சட்டென்று தெரியாது. சிவப்புத் துணி வேண்டாம். குதிரைக் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது.

சோலார் வேலி நல்லதுதான். அந்த மிஷின் கம்பியில் நொடிக்கு ஒரு தடவை போலக் கரண்டை விட்டு ஒரு வெட்டு வெட்டும், அதுவும் கண் இமைப்பதற்குள் போய்விடும். சுளீரென்று இருக்கும், உயிரை எடுக்காது. கோடையில் மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது. எர்த் கம்பியடியில் தண்ணீர் ஊற்றுங்கள், புல் கம்பியில் படாமல் வெட்டுங்கள். வீட்டுக் கரண்டை நேராக வேலியில் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. அது கொலைக் குற்றம் வரைக்கும் போகும். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதர் யார் என்று கம்பிக்குத் தெரியாது.

உயிர்வேலி என்றால் கிளுவை போடலாம். அரளி வேண்டவே வேண்டாம். பூ அழகு, ஆனால் ஒரு கைப்பிடி இலை ஒரு குதிரைக்குப் போதும். வெட்டிப் போட்டுக் காய்ந்த இலையும் விஷம்தான். நாலுவழிச் சாலை நடுவில் இருப்பதும் அரளிதான், தப்பி ஓடும் குதிரைக்கு அங்கே லாரி மட்டுமல்ல, அரளியும் ஆபத்துதான். சீமைக்கருவேலம் வேலியோரம் இருந்தால், உதிர்ந்த நெற்றைப் பெருக்கிவிடுங்கள். நிறையத் தின்றால் குடல் அடைத்து வயிற்றுவலியில் உருளும்.

படலுக்கு வெறும் கொக்கி போதாது. உதட்டால் தூக்கிவிடக் குதிரை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். சங்கிலி போட்டு, பூட்டுகிற இடத்தை வெளிப்பக்கம் வையுங்கள்.

(காட்சி: பெரியவர் வீட்டுத் திண்ணை. ஆணியில் ஒரு முகக்கயிறு.)

1871-ல் வந்த கால்நடை அத்துமீறல் சட்டத்தில் குதிரையும் கால்நடைதான். பயிருக்குள் இறங்கினால், அந்தப் பயிர்க்காரர் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். பெரியவர் அடைக்கவில்லை. சாய்ந்த வாழை எத்தனை என்று மறுநாள் இருவரும் சேர்ந்து எண்ணினோம், காசைக் கையில் கொடுத்தேன். அன்றைக்கே ஒரு முகக்கயிறு, ஒரு டார்ச், அரைப்படி கொள்ளு போட்ட தகர வாளி, மூன்றையும் அவர் திண்ணையில் கொண்டுபோய் வைத்தேன். இதோ, இன்னும் அங்கேதான் இருக்கிறது.