கெடு எத்தனை நாள்?

நண்பர்களே,

'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று மேடையில் சொன்னால் எந்தக் கட்சிக்காரரும் மறுத்துப் பேசமாட்டார், கைதட்டிவிட்டே போவார். எத்தனை நாளுக்குள் புகார் கொடுப்பது, யார் நிரூபிப்பது, பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளத்தைக் கேட்கலாமா என்று உட்பிரிவுகளைத் தொட்டதும்தான் குரல் உயரும்.

அமெரிக்காவில் சம ஊதியச் சட்டம் 1963-லேயே வந்துவிட்டது. அலபாமாவில் ஒரு டயர் ஆலையில் லில்லி லெட்பெட்டர் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தது 1979-இல். ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோதுதான் சக ஆண்களின் சம்பளத்தை யாரோ பெயர் போடாமல் எழுதி வைத்த துண்டுச் சீட்டு அவர் கைக்கு வந்தது. அவர் தொடுத்த வழக்கில் பதிவான கணக்கைச் சொல்கிறேன்: 1997 இறுதியில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பொறுப்பில் இருந்த ஆண்களில் ஆகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. அதிகம் வாங்கியவருக்கு 5,236.

2007-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று தோற்றார். சம்பளத்தைக் குறைவாக முடிவு செய்த 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம்! அடுத்தவருக்கு எவ்வளவு என்பதே தெரியாதவருக்கு, அந்த முடிவு என்றைக்கு எடுக்கப்பட்டது என்று எப்படித் தெரியும்? நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தம் மாறுபட்ட தீர்ப்பை மன்றத்திலேயே வாசித்தார். அந்தக் கெடுவை மாற்றும் திருத்த மசோதா 2008-இல் மேலவையான செனட்டில் நின்றுபோனது. அப்புறம் ஒரு தேர்தல். 2009 ஜனவரி 29 அன்று புது அதிபர் ஒபாமா அந்தத் திருத்தத்தில் கையெழுத்திட்டார். பாகுபாடான ஒவ்வொரு சம்பளத்துக்கும் கெடு புதிதாகத் தொடங்கும் என்றானது. லெட்பெட்டருக்குப் பழைய பாக்கி ஒரு டாலர்கூட வரவில்லை.

சம்பளத்தைப் பேசிக்கொண்ட ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்ற இன்னொரு மசோதா 2008, 2009, 2019, 2021 என நான்கு முறை கீழவையில் நிறைவேறி, செனட்டைத் தாண்டவில்லை. எதிர்த்தவர்கள் சொன்னது: வழக்குகள் பெருகும், ஆண்-பெண் சம்பள இடைவெளிக்கு வேலைத் தேர்வும் குழந்தை வளர்ப்பும் காரணம். இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. சரி, அப்படியானால் சம்பளப் பட்டியலைத் திறந்து காட்டுவதில் என்ன தயக்கம்?

யார் நிரூபிப்பது என்பதை ஐஸ்லாந்து 2018-இல் ஒரு சட்டத்தால் தலைகீழாக்கியது. அங்கே 1975 அக்டோபர் 24 அன்று ஏறக்குறைய 90 சதவீதப் பெண்கள் வேலையையும் வீட்டு வேலையையும் விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அந்த அழுத்தம் ஓயவே இல்லை. 2018 சட்டப்படி, 25 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருப்பவர், தாம் சமமாகத்தான் கொடுக்கிறோம் என்று தாமே சான்றிதழ் பெற வேண்டும் என்றானது. பெறாவிட்டால் நாள் கணக்கில் அபராதம் விதிக்கலாம் என்றும் ஆனது. அங்குள்ள பெண்கள் துண்டுச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.