பென்ஷன் கட்டுக்குள் ஒரு ஐரிஷ் சிப்பாய்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, வில்லங்கச் சான்று என்றே என் உத்தியோகக் காலம் கழிந்தது. ஒரு மனைக்கு முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்க்கிற அந்தப் புத்தி, ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. வெளிநாட்டு ஆவணக் காப்பகங்கள் பழைய பதிவேடுகளை இணையத்தில் போட ஆரம்பித்ததும், மனைக்குப் பார்த்த வில்லங்கத்தை மனிதருக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அதில் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டவர்கள் ஐரிஷ் சிப்பாய்கள். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க அமெரிக்காவுக்குக் கப்பலேறி, போன இடத்தில் உள்நாட்டுப் போர் மூண்டு, துப்பாக்கி தூக்கியவர்கள். அவர்களுடைய எள்ளுப்பேரன்களும் எள்ளுப்பேத்திகளும் இன்று, நம்முடைய பாட்டன் யார், அயர்லாந்தில் எந்த ஊர் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடுவிலும் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழை ஒருவரின் வாழ்க்கை காகிதத்தில் ஏறுவது, அவருக்குக் காசு கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்காவது வரும்போதுதான். காசு இருந்த இடத்தில் காகிதம் இருக்கும்.

சரி, யார் இவர்கள்? 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. அடுத்த ஏழு வருஷத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டே போனார்கள். 1860-ல் அமெரிக்காவில் தலையெண்ணியபோது அயர்லாந்தில் பிறந்தவர்கள் மட்டும் 16 லட்சம். மறு வருஷம் போர். வட மாநிலங்களின் படையில் சேர்ந்த அயர்லாந்துக்காரர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். தென் மாநிலங்களின் பக்கமும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தாமஸ் பிரான்சிஸ் மஹர் என்ற தளபதியின் ஐரிஷ் பிரிகேடு, 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்க் மேட்டில் ஏறிப்போய்ச் சிதறியதெல்லாம் சரித்திரப் புத்தகங்களில் விரிவாக இருக்கிறது. மஹருக்குச் சிலையும் இருக்கிறது. நாம் தேடுவது அந்த வரிசையில் ஒருவராக நின்ற ஆளை.

இப்படித் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கப்பலில் தொடங்குவார்கள். "எங்கள் தாத்தா எல்லிஸ் தீவில் இறங்கினார், அங்கே இருந்த குமாஸ்தா பெயரை மாற்றி எழுதிவிட்டான்" என்று குடும்பத்தில் ஒரு கதை இருக்கும். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைப் பதிவு செய்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1-ல். உள்நாட்டுப் போர் 1865-லேயே முடிந்துவிட்டது. போரில் சண்டையிட்டவர் எல்லிஸ் தீவில் வந்து இறங்கியிருக்க முடியாது. அவர் நியூயார்க்கில் ஏதாவது ஒரு துறைமுகப் படியில் இறங்கியிருப்பார். 1855-க்குப் பிறகென்றால் காஸில் கார்டன் என்ற இடம். சரி, கப்பல் பட்டியலே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அதில் என்ன இருக்கும்? பாட்ரிக் மர்ஃபி, வயது 22, கூலியாள், அயர்லாந்து. அவ்வளவுதான். அதே வருஷத்தில் அதே வயதில் இன்னும் எத்தனையோ பாட்ரிக் மர்ஃபி. எந்தக் கிராமம் என்று கப்பல்காரர் ஏன் எழுதப் போகிறார்? பயணக் கட்டணம் முன்னாலேயே வாங்கியாயிற்று.

அதனால் பின்னாலிருந்து வர வேண்டும். வில்லங்கம் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும், இன்றைய சொந்தக்காரரில் தொடங்கித்தான் பின்னோக்கிப் போவோம். இறந்த தேதி, கல்லறை, அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1900 கணக்கெடுப்பில் அமெரிக்காவுக்கு வந்த வருஷம் கேட்டிருக்கிறார்கள். 1910-ல், போரில் பிழைத்த முன்னாள் சிப்பாயா, எந்தப் பக்கம் என்று ஒரு கட்டமே இருக்கிறது. 1890 கணக்கெடுப்பு? 1921-ல் வாஷிங்டனில் ஒரு தீ விபத்து, அதோடு அநேகமாக எல்லாம் போயிற்று. அதற்குத் துணையாக எடுத்த முன்னாள் சிப்பாய்கள் பட்டியலில் பாதிக்கு மேல் தப்பியிருக்கிறது.

இதெல்லாம் எலும்புக்கூடு. உடம்பு இருப்பது பென்ஷன் கட்டுக்குள், அதாவது ஒருவருடைய பென்ஷன் மனுவும் ஆதாரக் காகிதங்களும் சேர்ந்த கோப்புக்குள்.

1862 ஜூலையில் அமெரிக்க அரசு ஒரு பென்ஷன் சட்டம் கொண்டுவந்தது. போரில் ஊனமுற்ற சிப்பாய்க்கும், இறந்தவரின் மனைவிக்கும், அவருடைய சம்பாத்தியத்தை நம்பியிருந்த தாய்க்கும் பணம். முற்றிலும் முடமான சாதாரண சிப்பாய்க்கும், அவருடைய விதவைக்கும் மாதம் 8 டாலர். பின்னால் இது வளர்ந்து வளர்ந்து, 1890-களில் ஒரு கட்டத்தில் மத்திய அரசின் வருமானத்தில் சுமார் 40 சதவீதம் பென்ஷனுக்கே போனது. பணம் அவ்வளவு போனால் சந்தேகமும் அவ்வளவு வரும். நம் ஊரில் ஓய்வூதியக்காரர்கள் வருஷம் ஒருமுறை கருவூலத்தில் போய், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நின்று காட்டுகிறோமே, அதெல்லாம் இந்த அமெரிக்கப் பென்ஷன் அலுவலகத்தின் சந்தேகத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

விதவை வந்து கேட்டால், கல்யாணம் நடந்ததற்கு என்ன ஆதாரம்? அயர்லாந்தில் நடந்த கல்யாணமா, அந்த ஊர்ப் பாதிரியாரிடமிருந்து பதிவேட்டு நகல் கொண்டுவா. நகல் கிடைக்கவில்லையா, கல்யாணத்துக்கு வந்திருந்த இரண்டு பேரைக் கூட்டிவந்து சத்தியப் பிரமாணம் கொடு. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானச் சான்று கொடு. அன்றைக்கு அந்தப் பெண்மணி எவ்வளவு அலைந்திருப்பார், யாரிடம் எழுதச் சொல்லிக் கெஞ்சியிருப்பார் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஆனால் அவர் அலைந்ததால்தான், கப்பல் பட்டியலில் இல்லாத அந்த ஊர்ப் பெயர் இன்று நமக்குக் கிடைக்கிறது. இது போதாதென்று 1882-ல் இன்னொரு சட்டம். விதவை வேறொருவரோடு கூடி வாழ்கிறார் என்று தெரிந்தால் பென்ஷன் நிறுத்தம். விசாரணை அதிகாரிகள் தெருவுக்கே போய் அண்டை வீட்டாரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அந்த அம்மாள் எப்படிப்பட்டவர், புருஷன் குடிப்பாரா, எந்த வீட்டில் குடியிருந்தார்கள், எல்லாம் எழுத்தில் இருக்கிறது. எனக்கு இதைப் படிக்கும்போது கோபமும் வரும், விட்டுவிடவும் மனசு வராது.

தாய்மார் சமாசாரம் இன்னும் கஷ்டம். மகன் எனக்குப் பணம் அனுப்பினான் என்று நிரூபிக்க வேண்டும். எதை வைத்து நிரூபிப்பது? முகாமிலிருந்து மகன் எழுதிய கடிதங்களை வைத்து. அம்மா, சம்பளம் வந்தது, இத்தனை டாலர் அனுப்பியிருக்கிறேன் என்று எழுதிய கடிதம். தாயார் அதை மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். கொடுத்த கடிதம் திரும்பாது. இறந்துபோன மகனின் கையெழுத்து, அந்தக் கட்டுக்குள் தைத்தபடி இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அயர்லாந்திலேயே இருந்துகொண்டு மனுப் போட்ட தாய்மாரும் உண்டு. தாய் பென்ஷன் கேட்கவில்லையென்றால், அந்தக் கடிதம் என்றைக்கோ அடுப்பில் போயிருக்கும். காசு இருந்த இடத்தில் காகிதம் இருக்கும் என்று சொன்னேனே, அது இதுதான்.

பென்ஷனுக்கு ஒரு சிறு அட்டை இருக்கும். பெயர், ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவு, அதற்குள் கம்பெனி என்ற சிறு பிரிவு, மனு எண். தேடுகிறவர்கள் அந்த அட்டையோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள். அட்டை வெறும் வாசற்படி. முழுக் கட்டையும் கேட்டு வாங்க வேண்டும். புனைபெயரில் படையில் சேர்ந்தவர்கள் உண்டு, அந்தப் பெயரும் அட்டையிலேயே இருக்கும்.

பெயர் என்றதும் ஆல்பர்ட் காஷியர் நினைவுக்கு வருகிறார். அவரைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

1862 ஆகஸ்ட் 6. இல்லினாய் மாநிலத்தில் பெல்விடியர் என்ற ஊர். ஆல்பர்ட் காஷியர் என்று பெயர் சொல்லி, அயர்லாந்தில் பிறந்த ஒரு குட்டையான ஆள் 95-ஆவது இல்லினாய் ரெஜிமென்டில் ஜி கம்பெனியில் சேர்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது, கைக்குறிதான். உடல் பரிசோதனை என்றால் அன்றைக்குக் கையையும் காலையும் பார்த்து விட்டுவிடுவார்கள். மூன்று வருஷம் சேவை. விக்ஸ்பர்க் முற்றுகை, ரெட் ரிவர் படையெடுப்பு என்று அந்த ரெஜிமென்ட் போன இடமெல்லாம் போனார். 1865 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். பிறகு சானமின் என்ற சின்ன ஊரில் நாற்பது வருஷம். பண்ணை வேலை, சர்ச்சில் கூட்டிப் பெருக்குவது, தெருவிளக்கு ஏற்றுவது. பென்ஷன் வாங்கினார், ஓட்டுப் போட்டார். 1906-ல் விக்ஸ்பர்க்கில் இல்லினாய் மாநிலம் எழுப்பிய நினைவு மண்டபத்தில் 36,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அதில் இவர் பெயரும் உண்டு. அப்போது ஆள் உயிரோடுதான் இருந்தார்.

அப்புறம் ஒரு கார் மோதி கால் முறிந்தது. வைத்தியம் பார்க்க வந்த டாக்டருக்குத் தெரிந்துவிட்டது, காஷியர் உடலால் பெண். அந்த டாக்டர் நல்ல மனிதர், வெளியே சொல்லவில்லை. 1911-ல் குவின்சியில் இருந்த முன்னாள் சிப்பாய்கள் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கேயும் தெரிந்தவர்கள் சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் முதுமையில் புத்தி தடுமாற, 1914-ல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஐம்பது வருஷமாகக் கால்சட்டை போட்ட ஆளுக்கு அங்கே கட்டாயப்படுத்திப் பாவாடை கட்டினார்கள்.

இப்போது பாருங்கள், யார் விசாரணைக்கு வருகிறார்கள்? பென்ஷன் அலுவலகம். இத்தனை வருஷம் பணம் வாங்கியது அதே சிப்பாய்தானா, மோசடியா? ஜி கம்பெனியின் பழைய தோழர்கள், எல்லாரும் கிழவர்கள், வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். இவர்தான் ஆல்பர்ட், எங்களோடு நின்று சண்டை போட்டவர் இவர்தான் என்றார்கள். 1915-ல் அலுவலகம் ஒப்புக்கொண்டது, பென்ஷன் நிற்கவில்லை. அந்த வருஷம் அக்டோபர் 10-ல் இறந்தார். ராணுவச் சீருடையோடு, ராணுவ மரியாதையோடு அடக்கம். கல்லில் ஆல்பர்ட் டி. ஜே. காஷியர், ஜி கம்பெனி, 95 இல்லினாய் என்று வெட்டினார்கள்.

கதை முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். எனக்கு இங்கேதான் ருசி தட்டுகிறது. அவர் விட்டுப்போனது, அடக்கச் செலவு போக, 282 டாலர் சொச்சம். அதற்கு வாரிசு யார்? பொறுப்பேற்றவர் சிங்கிள்டன் என்ற வங்கிக்காரர். காஷியர் தன் இளமையைப் பற்றிச் சொன்ன கதைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சிங்கிள்டன் விடாமல் ஒன்பது வருஷம் தேடினார். அயர்லாந்தின் லௌத் கவுண்டியில் கடலோரத்தில் க்ளாஹர்ஹெட் என்ற ஊர், அங்கே பிறந்த ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்ற பெண்தான் காஷியர் என்று கண்டுபிடித்தார். வாரிசு என்று உரிமை கொண்டாடியவர்களில் யாருடைய உறவும் ருசுவாகவில்லை. பணம் இல்லினாயில் கவுண்டி கஜானாவுக்குப் போனது. 282 டாலர்! அந்த அற்பத் தொகை இல்லையென்றால் க்ளாஹர்ஹெட் என்ற பெயர் நமக்குக் கிடைத்தே இருக்காது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, நேரமாகிறது என்று விரலைக் காட்டுகிறார்கள். காஷியரை எடுத்தால் எனக்கு எப்போதும் இப்படித்தான் நேரம் போய்விடும். அயர்லாந்துப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1922 ஜூன் 30-ல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் கொஞ்சம்தான் மிச்சம். அதற்குப் பிந்திய நான்கையும் அரசாங்கமே அழித்திருந்தது. ஆனால் 1909-ல் அங்கே முதியோர் பென்ஷன் வந்தது, 70 வயதானால் வாரம் 5 ஷில்லிங் வரை. அந்த வயதுக்காரர்களுக்குப் பிறப்புப் பதிவு கிடையாது, எல்லாருக்குமான பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864-ல். அதனால் 1841, 1851 கணக்கெடுப்பில் என் பெயர் இருக்கிறதா பாருங்கள் என்று மனுப் போட்டார்கள். மூலம் எரிந்துவிட்டது, அந்தத் தேடல் படிவங்கள் தப்பிவிட்டன. மறுபடியும் காசு. நியூயார்க்கில் எமிக்ரன்ட் சேவிங்ஸ் வங்கி 1850-ல் தொடங்கியது. பணம் போட்டவரை அடையாளம் காண ஊர், கப்பல், பெற்றோர் பெயரெல்லாம் எழுதி வைத்தது. அதுவும் காசுதான். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் 2015 முதல் இணையத்தில் இலவசம். அதில் ஞானப்பெற்றோர் பெயரை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக நம் ஊர். இதற்குத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன், போய்விட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி அயர்லாந்தில் ஏராளமாக ஆள் எடுத்தது. 1881-ல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் ஆன ரெஜிமென்டின் முதல் பட்டாளம், அதற்கு முன் ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனி நம் சென்னையில் வைத்திருந்த பழைய ஐரோப்பியப் பட்டாளம்தான் அது. பரங்கிமலை, பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஐரிஷ் பெயர் உள்ளவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், சென்னை மாகாணச் சர்ச்சுப் பதிவுகளின் நகல் லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. அதோடு நிறுத்திவிடாதீர்கள். முடமான கம்பெனிச் சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் பென்ஷன் கொடுக்க 1770-ல் ஏற்பட்ட கிளைவ் நிதி என்று ஒன்று உண்டு. அந்தக் கணக்குப் புத்தகங்களும் அங்கேயே இருக்கின்றன. முதலில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.